விற்பனை கூடுகிறது, கையில் காசு நிற்பதில்லை: கான்ஃபரன்சிங் சாதன மொத்த வியாபாரிக்கு ஒரு பதில்

கேள்வி: கோவையில் கான்ஃபரன்ஸ் கேமரா, ஸ்பீக்கர்ஃபோன், வீடியோ பார் (கேமரா, மைக், ஸ்பீக்கர் ஒன்றாக உள்ள சாதனம்), இன்டராக்டிவ் பேனல் (தொடுதிரைப் பலகை) ஆகியவற்றுக்கு சப் டிஸ்ட்ரிப்யூட்டராக இருக்கிறேன். திருப்பூர், ஈரோடு, சேலம், பொள்ளாச்சி என்று சுமார் 60 டீலர்களுக்குச் சரக்கு போகிறது. ஆண்டு விற்பனை ஜிஎஸ்டி நீங்கலாக 9 கோடி, மொத்த லாபம் 6 சதவீதம். சரக்கு இருப்பு 1.5 கோடி. டீலர்களிடம் நிலுவை 2.4 கோடி, அதில் 70 லட்சம் 90 நாளைத் தாண்டியது. கம்பெனிக்கு நான் தர வேண்டியது 80 லட்சம், கெடு 30 நாள். வங்கியில் சிசி (கேஷ் கிரெடிட் கடன்) 1.2 கோடி, எப்போதும் நிரம்பியே இருக்கிறது. இப்போது என் முக்கியமான பிராண்ட் ஒரு ஸ்கீம் தருகிறது. காலாண்டுக்கு 1.10 கோடி வாங்கும் நான் 1.75 கோடி வாங்கினால் மொத்தக் கொள்முதலுக்கும் 2.5 சதவீதம் பேக்எண்ட், அதாவது காலாண்டு முடிந்த பின் தரும் தள்ளுபடி. இந்த மாத இறுதிக்குள் பதில் சொல்ல வேண்டும். ஒப்புக்கொள்ளலாமா? மதுரையில் கிளை திறக்கலாமா? சீனாவிலிருந்து சொந்தப் பெயரில் வெப்கேம் இறக்கினால் லாபம் கூடுமா? விற்பனை ஏற ஏற எனக்குப் பணமுடைதான் ஏறுகிறது. எங்கே தவறு?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, எண்களைத் தெளிவாகத் தந்திருக்கிறீர்கள். அதனால் பதிலையும் எண்ணிலிருந்தே தொடங்கலாம். உங்கள் மூன்று கேள்விகளுக்கும் விடை, நான்காவதாகக் கேட்ட 'எங்கே தவறு' என்பதற்குள் இருக்கிறது.

டீலர் நிலுவையில் ஜிஎஸ்டியும் சேர்ந்திருக்கும். ஆகவே அதை 10.62 கோடி பில் தொகையோடு ஒப்பிட வேண்டும். 2.4 கோடி என்பது ஏறக்குறைய 82 நாள் விற்பனை. சரக்கை அடக்க விலையான 8.46 கோடியோடு ஒப்பிட்டால் 65 நாள் இருப்பு. கம்பெனிக்குத் தர வேண்டிய 80 லட்சத்தை ஜிஎஸ்டியோடு கூடிய அடக்க விலையோடு ஒப்பிட்டால் 29 நாள். 82-ஐயும் 65-ஐயும் கூட்டி 29-ஐக் கழித்தால் 118 நாள். நீங்கள் போடும் ஒவ்வொரு ரூபாயும் கிட்டத்தட்ட நான்கு மாதம் கழித்துத்தான் கைக்குத் திரும்புகிறது. தொகையாகச் சொன்னால் 3.10 கோடி எப்போதும் வெளியில் நிற்கிறது. 11 சதவீத வட்டி போட்டுப் பார்த்தால் ஆண்டுக்கு 34 லட்சம். சிசிக்குக் கட்டும் 13 லட்சம்தான் உங்கள் கண்ணில் படுகிறது. மீதி உங்கள் சொந்த முதல் என்பதால் அதற்கு யாரும் பில் அனுப்புவதில்லை. ஆனால் செலவு செலவுதான். மொத்த லாபம் 54 லட்சத்தில் 34 லட்சம் இப்படிக் கரைந்தால், சம்பளம், வாடகை, லாரி வாடகை, உடைசல், வராக்கடன் எல்லாவற்றுக்கும் சேர்த்து எஞ்சுவது 20 லட்சம்.

இதே ஓட்டத்தில் விற்பனையை 12 கோடியாக்கினால் வெளியில் நிற்கும் பணம் 4.13 கோடியாகும். கூடுதலாக ஒரு கோடிக்கு எங்கே போவீர்கள்? வங்கியும் கைகொடுக்காது. டிராயிங் பவரை, அதாவது சிசியில் எவ்வளவு எடுக்கலாம் என்பதைக் கணக்கிடும்போது 90 நாளைத் தாண்டிய நிலுவையையும், இன்னும் பணம் கட்டாத சரக்கையும் வழக்கமாகக் கழித்துவிடுவார்கள். உங்கள் 70 லட்சம் பழைய பாக்கி வராமல் இருப்பது ஒரு நஷ்டம் என்றால், வங்கியில் எடுக்கக்கூடிய தொகையையும் அது குறைத்துவிடுவது இரண்டாவது நஷ்டம்.

மறுபக்கம் பாருங்கள். நிலுவை 55 நாளுக்கும் இருப்பு 45 நாளுக்கும் இறங்கினால் வெளியில் நிற்கும் பணம் 1.84 கோடிதான். விடுபடுவது 1.26 கோடி. சிசி முழுவதும் காலியாகிவிடும். ஒரு பெட்டி கூட அதிகம் விற்காமல் கிடைக்கும் பணம் இது. ஆகவே முதல் ஆறு மாதத்துக்கு உங்கள் டார்கெட் விற்பனைத் தொகை அல்ல, நிலுவை நாள், இருப்பு நாள் என்ற இந்த இரண்டு கணக்குகள்.

இனி ஸ்கீம். 1.75 கோடிக்கு 2.5 சதவீதம் என்றால் 4.37 லட்சம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கூடுதலாக வாங்கும் 65 லட்சம், ஜிஎஸ்டியோடு 76.7 லட்சம், அடுத்த மூன்று மாதத்தில் மெல்ல மெல்லப் போகும். சராசரியாக 45 நாள் குடோனில், பிறகு 82 நாள் டீலரிடம், கம்பெனித் தவணை 30 நாள் போக 97 நாள் உங்கள் பணம் முடங்கும். வட்டி 2.2 லட்சம். இதோடு முடிவதில்லை. காலாண்டின் கடைசி வாரத்தில் எல்லா சப் டிஸ்ட்ரிப்யூட்டரும் இதே போல் ஏற்றிக்கொண்டு இறக்கப் பார்ப்பார்கள். பேக்எண்ட் வரும் என்ற நம்பிக்கையில் விலையில் விட்டுக்கொடுப்பார்கள். டீலர் அதை முகர்ந்துவிடுவார். முழுக் கொள்முதலிலும் ஒன்றரை சதவீதம் விலை இறங்கினாலே 2.6 லட்சம் போச்சு. கூட்டினால் 4.8 லட்சம்; வரவைவிட அதிகம். அடுத்த காலாண்டின் டார்கெட்டை 1.75 கோடியிலிருந்து தொடங்குவார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். பேக்எண்ட் தொகை காலாண்டு முடிந்த உடனே வருவதும் இல்லை. கணக்கு சரிபார்த்து கிரெடிட் நோட்டாக வரும். அந்த நோட்டு ஜிஎஸ்டி இல்லாத கமர்ஷியல் கிரெடிட் நோட்டா, வரியோடு வருகிறதா என்று முதலிலேயே கேளுங்கள். வரியோடு வந்தால் அந்த அளவு ஐடிசியை (கொள்முதலில் கட்டிய வரிக்கு எடுத்த கழிவை) நீங்கள் திருப்ப வேண்டும். வரியில்லாமல் வந்தால் திருப்ப வேண்டியதில்லை.

அதற்காக ஸ்கீமே வேண்டாம் என்று சொல்லவில்லை. என்ன நிபந்தனையோடு ஏற்கலாம் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் நிலுவை.

அந்த 70 லட்சம் மட்டும் வசூலாகிவிட்டால் உங்கள் நிலுவை நாள் 82-லிருந்து 58-க்கு இறங்கிவிடும். 60 டீலரையும் விரட்ட வேண்டிய அவசியம் இல்லை. டேலி கணக்கு மென்பொருளில் பில் வாரியான ஏஜிங் (எந்தப் பில் எத்தனை நாள் நிலுவை என்ற பட்டியல்) எடுத்துப் பார்த்தால் இந்தத் தொகை சில பேரிடமே குவிந்திருக்கும். அவர்களை இரண்டாகப் பிரியுங்கள். கல்லூரி, மருத்துவமனை, அரசு அலுவலகம் போன்ற இடங்களில் சரக்கைப் போட்டுவிட்டு அங்கிருந்து வராததால் உங்களுக்குத் தர முடியாதவர் ஒரு வகை. உங்கள் பணத்தை வைத்து வேறு வியாபாரம் ஓட்டுபவர் இன்னொரு வகை. முதல் வகையினரிடம் கஸ்டமர் தந்த பர்ச்சேஸ் ஆர்டரின் நகல், டெலிவரி ஒப்புகை, எதிர்பார்க்கும் தேதி மூன்றையும் வாங்கி, தவணை போட்டுத் தேதியிட்ட காசோலை வாங்குங்கள். இரண்டாம் வகையினருக்கு இன்றே பில்லிங்கை நிறுத்துங்கள். நிறுத்தினால் உறவு கெட்டுவிடும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. நிறுத்தாவிட்டால் பணம் கெட்டுவிடும்.

டேலியில் கிரெடிட் லிமிட் போட்டிருப்பீர்கள். அது போதாது. 5 லட்சம் லிமிட் உள்ள டீலர் 2 லட்சம் பழைய பில்லைத் தொடாமல், புதிய பில்களை மட்டும் கட்டிக்கொண்டே வருவார். லிமிட் ஒருபோதும் தாண்டாது, பழைய பில் ஒருபோதும் தீராது. ஆகவே விதி தொகையில் இருக்கக் கூடாது, பில்லின் வயதில் இருக்க வேண்டும். எந்த ஒரு பில்லாவது 60 நாளைத் தாண்டினால் அடுத்த பில் போகாது. வரும் பணத்தைப் பழைய பில்லிலிருந்து கழித்து வரவு வைப்பீர்கள் என்பதையும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

முன்கூட்டிக் கட்டுபவருக்குத் தள்ளுபடி தரலாம். எவ்வளவு என்பதில்தான் பலர் கை சுட்டுக்கொள்கிறார்கள். 60 நாளில் கட்ட வேண்டியதை 7 நாளில் கட்டினால் 2 சதவீதம் என்றால், 53 நாளுக்கு 2 சதவீதம். ஆண்டுக் கணக்கில் 14 சதவீதம். சிசி வட்டியைவிட அதிகம். 1.5 சதவீதம் என்றால் பத்தரை சதவீதம். உங்களுக்கு அதுவே சரியான அளவு. தள்ளுபடியைப் பில்லிலேயே கழிக்காதீர்கள். பணம் வந்த பிறகு கிரெடிட் நோட்டாகத் தாருங்கள். இல்லையென்றால் தள்ளுபடியையும் எடுத்துக்கொண்டு 60 நாளும் எடுத்துக்கொள்வார்கள்.

சிறு நிறுவனங்களுக்கான உதயம் பதிவு இருப்பதால் 45 நாளில் பணம் தராவிட்டால் மூன்று மடங்கு வங்கி வட்டி கேட்கலாம் என்று பலர் நம்புகிறார்கள். மொத்த, சில்லறை வியாபாரிகளை 2021 ஜூலையில் உதயம் பதிவுக்குள் சேர்த்தபோதே, அவர்களுக்கான பலன் முன்னுரிமைக் கடனுக்கு மட்டும்தான் என்று அமைச்சகம் தெளிவுபடுத்திவிட்டது. வாங்கி விற்கும் உங்கள் வேலைக்கு அந்த 45 நாள் ஆயுதம் கிடையாது. உங்களிடம் இருக்கும் ஆயுதம் வேறு. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் சப்ளையருக்குப் பணம் தராத டீலர், அந்தப் பில்லுக்கு எடுத்த ஐடிசியை வட்டியோடு திருப்ப வேண்டும் என்பது ஜிஎஸ்டி சட்டம். 150-வது நாளில் டீலருக்கும் அவருடைய ஆடிட்டருக்கும் இந்தப் பில் எண்களைப் பட்டியலிட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். மிரட்டல் தொனி வேண்டாம்; நினைவூட்டல் போதும். ஆடிட்டர் வழியாகப் போகும் செய்திக்கு டீலர் காது கொடுப்பார்.

காசோலை திரும்பினால் நாட்கணக்கு முக்கியம். வங்கியின் மெமோ கைக்கு வந்து 30 நாளுக்குள் நோட்டீஸ், அது கிடைத்ததிலிருந்து 15 நாள் அவகாசம், அதன் பிறகு ஒரு மாதத்துக்குள் வழக்கு. 'இந்த வாரம் தருகிறேன்' என்ற பேச்சில் நோட்டீஸ் காலம் கழிந்துவிட்டால், காசோலையின் மூன்று மாத ஆயுள் முடியும் முன் மறுபடி வங்கியில் போட்டு மீண்டும் மெமோ வாங்க வேண்டியிருக்கும். வராக்கடனின் விலையையும் உங்கள் சேல்ஸ் பையன்களுக்குக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். ஜிஎஸ்டி நீங்கலாக ஒரு லட்சம் ரூபாய் பில் வராமல் போனால், அடக்கம் 94 ஆயிரமும் ஜிஎஸ்டி 18 ஆயிரமுமாக உங்கள் பையிலிருந்து 1.12 லட்சம் போகிறது. கட்டிய ஜிஎஸ்டியை அரசு திருப்பித் தராது. 6 சதவீத லாபத்தில் அதை ஈடுகட்ட 18 லட்சத்து 66 ஆயிரத்துக்குப் புதிதாக விற்க வேண்டும்.

சரக்கு இருப்பைப் பற்றி. 65 நாள் என்பது சராசரி. உள்ளே பிரித்தால் வேகமாகப் போகும் ஸ்பீக்கர்ஃபோன் 20 நாளிலும், யாரும் கேட்காத பழைய மாடல் கேமரா 200 நாளாகவும் கிடக்கும். இந்தத் தொழிலில் சரக்கு அரிசி மூட்டை மாதிரி அல்ல. புதிய மாடல் அறிவித்த நாளிலேயே பழையதன் மதிப்பு விழுந்துவிடும். 90 நாள் தாண்டியதை ஒரு தாளில் எழுதி, அதை அடக்க விலைக்கோ ஐந்து சதவீதம் குறைத்தோ இந்தக் காலாண்டிலேயே தள்ளிவிடுங்கள். அடுத்த காலாண்டில் இன்னும் குறைவாகத்தான் கேட்பார்கள். அரசு வரியை மாற்றினாலும் இருப்பு வைத்திருப்பவர்தான் அடிபடுகிறார். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட மானிட்டர்களுக்கு 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமானது. அன்று குடோனில் 28 சதவீதத்தில் வாங்கியது கிடந்தால், கூடுதலாகக் கட்டிய வரி உங்கள் ஜிஎஸ்டி கிரெடிட் லெட்ஜரில் பத்திரமாக இருக்கும். ஆனால் அது ரொக்கமாகத் திரும்பாது, வரும் மாத வரியில்தான் கழியும். அதுவரை அதுவும் முடங்கிய பணம்.

டிஓஏ விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. பெட்டி பிரித்ததும் வேலை செய்யாத சாதனத்தை மாற்றித் தரும் கெடு குறுகியது. அந்தக் கெடு எந்த பில்லிலிருந்து தொடங்குகிறது என்பதில்தான் சப் டிஸ்ட்ரிப்யூட்டர் மாட்டிக்கொள்கிறார். உங்கள் பில் தேதியிலிருந்து என்றால், டீலரின் அலமாரியில் மூன்று மாதம் கிடந்து பிறகு கஸ்டமரிடம் பிரிக்கப்படும் சாதனத்துக்கு எப்போதும் கெடு முடிந்திருக்கும். டீலர் உங்களிடம் மாற்றுக் கேட்பார், கம்பெனி உங்களுக்கு மறுக்கும். கஸ்டமர் பில் தேதியிலிருந்து கணக்கிட வேண்டும் என்று கம்பெனியிடம் எழுத்தில் வாங்குங்கள். குடோனிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு பெட்டியின் சீரியல் எண்ணையும் ஸ்கேன் செய்து பில்லோடு இணையுங்கள். 2,000 ரூபாய் பார்கோடு ஸ்கேனர் போதும். சீரியல் இல்லாமல் எந்த க்ளெய்மும் நிற்காது. வேறு ஒருவரிடம் வாங்கிய பழுதான சாதனத்தை டீலர் உங்கள் தலையில் கட்டுவதையும் அதுதான் தடுக்கும்.

பேனல் அனுப்பும்போது உடைசல்தான் பெரிய வலி. 75, 86 அங்குலப் பேனலை லாரியில் படுக்கப் போட்டு மேலே வேறு சரக்கு வைத்தால், அட்டைப் பெட்டியில் ஒரு கீறலும் இல்லாமல் உள்ளே கண்ணாடி போயிருக்கும். நிமிர்த்தித்தான் ஏற்ற வேண்டும், கட்டித்தான் அனுப்ப வேண்டும், டீலர் லாரிக்காரர் முன்னிலையிலேயே பெட்டியைப் பிரித்துப் படம் எடுத்து, சேதம் இருந்தால் எல்ஆர் எனும் லாரி சரக்கு ரசீதில் எழுதித்தான் கையெழுத்துப் போட வேண்டும். 'நல்ல நிலையில் பெற்றேன்' என்று கையெழுத்திட்டுவிட்டு மறுநாள் கூப்பிட்டால் இன்ஷூரன்ஸ் சர்வேயர் என்ன செய்வார்? 86 அங்குலம் கஸ்டமரின் லிஃப்டில் நுழையுமா என்று ஆர்டர் எடுக்கும்போதே அளந்து கேட்கச் சொல்லுங்கள். 60 கிலோவைத் தாண்டும் பேனலை நான்காவது மாடிக்கு படியில் ஏற்றியபோது உடைந்த கதைகள் நிறைய.

இப்போது வளர்ச்சிக்கு வருவோம். நீங்களே எழுதாவிட்டாலும், மொத்தம் 6 சதவீதம் என்றால் கேமராவிலும் பாரிலும் 5 சதவீதம் போலவும், கேபிள், பிராக்கெட், எக்ஸ்டெண்டர், டேபிள் பாக்ஸ் போன்றவற்றில் 20 சதவீதம் போலவும் வரும் என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் புத்தகத்தில் சரிபாருங்கள். 1.40 லட்சம் வீடியோ பாரில் உங்களுக்கு 7,000. அதே அறைக்கு வேண்டிய துணைப் பொருள் 35,000-த்தில் உங்களுக்கு இன்னொரு 7,000. பில்லில் ஐந்தில் ஒரு பங்கு, லாபத்தில் சரிபாதி. இன்று உங்கள் டீலர்கள் பாரை உங்களிடம் வாங்கிவிட்டு கேபிளைக் கிராஸ்கட் ரோட்டிலோ ஆன்லைனிலோ வாங்குகிறார்கள். அந்தக் கேபிள்தான் பிறகு உங்கள் பாரின் மீது புகாராகத் திரும்பி வருகிறது.

ஆகவே பெட்டியை விற்காதீர்கள், அறையை விற்கத் தொடங்குங்கள். மூன்று அறைகளுக்கு ரெடிமேட் கிட் போடுங்கள். 4, 5 பேர் உட்காரும் சின்ன அறைக்கு வெப்கேம் வகைக் கேமரா, ஸ்பீக்கர்ஃபோன், லேப்டாப் கேபிள். 8 முதல் 10 பேர் அறைக்கு 120 டிகிரி லென்ஸ் உள்ள வீடியோ பார், 55 அல்லது 65 அங்குலத் திரை, பிராக்கெட், டச் கண்ட்ரோலர், எட்டு போர்ட் பிஓஇ ஸ்விட்ச் (நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் தருவது), கேட்-6 நெட்வொர்க் கேபிள் இரண்டு ஓட்டம், மேசையில் யூஎஸ்பி-சி மற்றும் ஹெச்டிஎம்ஐ, யூபிஎஸ். 14 பேருக்கு மேல் போனால் தனிக் கேமரா, கூடுதல் மைக், தனி ஒலிபெருக்கி. இந்தக் கடைசி அறையை கிட்டாகக் கொடுக்க வேண்டாம். ஒவ்வொரு அறையும் வேறு மாதிரி இருக்கும். வரைபடம் வாங்கித்தான் கொடுக்க வேண்டும்.

நடு அளவு அறைதான் உங்களுக்குச் சோறு போடும். அங்கே என்ன கெடுகிறது என்று டீலருக்கு ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். சாதா யூஎஸ்பி 2.0 கேபிளுக்கு 5 மீட்டரும், யூஎஸ்பி 3 கேபிளுக்கு 3 மீட்டரும்தான் நம்பகமான எல்லை. திரைக்கும் மேசைக்கும் நடுவே தரையடியில் ஓட்டினால் 8 மீட்டர் எளிதில் வந்துவிடும். டீலர் இரண்டு எக்ஸ்டென்ஷனை ஒட்டவைப்பார். கேமரா ஒரு நாள் தெரியும், மறுநாள் காணாமல் போகும், அல்லது தெளிவு குறைந்து மங்கலாகத் தெரியும். பழி கேமராவுக்கு. அங்கே ஆக்டிவ் ஆப்டிகல் யூஎஸ்பி கேபிளோ கேட்-6 எக்ஸ்டெண்டரோதான் வேண்டும். டச் கண்ட்ரோலர் பிஓஇ கேட்கும். சாதா ஸ்விட்சில் செருகினால் உயிர் வராது. பாரின் மைக் 4, 5 மீட்டர் வரைதான் நன்றாகப் பிடிக்கும்; மேசைக் கோடியில் உட்காரும் முதலாளியின் குரல் மட்டும் கேட்காமல் போவது அதனால்தான். கூடுதல் மைக்கை முதல் நாளே சேர்த்துப் பில் போடுங்கள். கேமராவை உட்கார்ந்தவரின் கண் மட்டத்தில், தரையிலிருந்து ஏறக்குறைய 1.2 மீட்டரில் வைக்கச் சொல்லுங்கள். திரைக்கு மேலே ஏற்றினால் எதிர்முனைக்காரருக்கு எல்லோருடைய உச்சந்தலையும்தான் தெரியும்.

இன்டர்நெட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1080 தெளிவில் ஒரு அழைப்புக்குப் போகவும் வரவும் 3, 4 எம்பிபிஎஸ் போதும். வேகம் போதாமல் அழைப்பு அறுவதைவிட, வைஃபையில் ஓட்டுவதால் அறுவதே அதிகம். பார் எப்போதும் கேபிளில்தான். எதிரொலிப் புகார் வந்தால் முதலில் அறையில் ஒரு கைதட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒலி நீண்டு இழுத்தால் குற்றவாளி கண்ணாடிச் சுவரும் டைல்ஸும். திரைச்சீலை, கம்பளம், அடுத்தடுத்த இரண்டு சுவர்களில் ஒலி உறிஞ்சும் பலகை என்று போட்டால் அடங்கும். கைதட்டல் நன்றாக அடங்கியும் ஊளையிடுகிறது என்றால், யாரோ லேப்டாப்பில் அதே மீட்டிங்கில் மைக்கைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

உங்கள் பகுதிக்கே உரிய ஒரு அறையும் இருக்கிறது. திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் துணி சாம்பிளை வெளிநாட்டு பையருக்குக் கேமராவில் காட்டுகிறார்கள். வீடியோ பார் தானாக வெள்ளைச் சமநிலையை (வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பை) மாற்றிக்கொள்வதால் நீலம் ஊதாவாகத் தெரிகிறது, பையர் சந்தேகப்படுகிறார். இங்கே வேண்டியது கைமுறையாக வெள்ளைச் சமநிலையைப் பூட்டக்கூடிய டாக்குமெண்ட் கேமரா, சிஆர்ஐ (நிறத்தை உள்ளபடி காட்டும் அளவு) 90-க்கு மேலுள்ள ஒரே நிற வெப்பநிலை விளக்கு, சாம்பல் நிற மேசை விரிப்பு. இதை ஒரு கிட்டாகத் தருவதற்கு வெளியூர்ப் பெரிய டிஸ்ட்ரிப்யூட்டருக்குத் தோன்றாது. உங்களுக்கு அந்தத் தெருக்கள் தெரியும்.

இன்னொரு வாய்ப்பு பழைய அறைகள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸில் ஓடும் மீட்டிங் ரூம் கம்ப்யூட்டர்களில், இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தையவை பெரும்பாலும் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாது. 2020-க்கு முன் நீங்கள் பில் போட்ட அறைகளை டேலியில் தேடி எடுங்கள். அந்த டீலர்களைக் கூப்பிடுங்கள். புதிய கஸ்டமரைத் தேடுவதைவிட இது மலிவு. ஆண்ட்ராய்டு பார் விற்கும்போது, மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் சான்றிதழ் எந்தத் தேதி வரை என்று பார்த்து விற்றால், அடுத்த ஆண்டு உங்கள் வாசலில் சண்டை இருக்காது. லைசென்ஸ் தனி என்பதையும் கொட்டேஷனிலேயே எழுதச் சொல்லுங்கள். டீம்ஸ் ரூம்ஸின் அடிப்படை லைசென்ஸ் ஒரு நிறுவனத்துக்கு 25 அறை வரை இலவசம். ஜூம் ரூம்ஸுக்கு அறைக்கு அறை கட்டணம் உண்டு. இது தெரியாமல் நிறுவிய அன்று கஸ்டமர் முன்னால் நிற்கும் டீலர் அந்தச் செலவை உங்களிடம்தான் கேட்பார்.

ஒரு டெக்னீஷியனை வைத்து, அறைக்கு 4,000 வாங்கிக்கொண்டு ரிமோட்டில் அமைத்துத் தாருங்கள். மாதச் சம்பளம் 28,000 என்றால் ஏழு அறையில் அடைபடும். பெட்டி வெளியே போகுமுன் ஃபர்ம்வேரை அவரே புதுப்பித்துவிட்டால் பாதிப் புகார் வராது. டெமோ கிட் இரண்டு போதும். டெலிவரி சலானில் அனுப்புங்கள். பார்த்துப் பிடித்தால் வாங்கலாம் என்று அனுப்பும் சரக்குக்கு ஆறு மாதத்துக்குள் பில் போட்டாக வேண்டும் என்பது சட்டம், ஆனால் உங்கள் விதி 10 நாளாக இருக்கட்டும்.

மதுரைக் கிளை இப்போது வேண்டாம். கிளைக்கு வாடகை, ஆள், வண்டி எல்லாம் சேர்த்து மாதம் 1.1 லட்சம் ஆகும் என்று வைத்தால், 6 சதவீத லாபத்தில் அதை ஈட்ட அங்கே மட்டும் மாதம் 18 லட்சத்துக்கு விற்க வேண்டும். இருப்பை இரண்டு ஊருக்குப் பிரித்தால், கைக்காவலாக வைக்கும் சரக்கு ஒன்றரை மடங்கை நெருங்கும். மதுரை ஆர்டரை மாலை லாரி பார்சலில் போட்டால் மறுநாள் காலை கிடைக்கும் தூரம்தான். அங்குள்ள டீலர்கள் தொடர்ந்து ஆறு மாதம் 18 லட்சத்தைத் தொட்டால் அப்போது யோசிக்கலாம்.

சொந்தப் பெயரில் வெப்கேம் என்பதும் இப்போதைக்கு வேண்டாம். வெப்கேம் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) கட்டாயப் பதிவுக்குள் வருகிறது. புளூடூத் உள்ள ஸ்பீக்கர் என்றால் டபிள்யூபிசி எனும் மத்திய அரசின் வயர்லெஸ் பிரிவின் ஒப்புதலும் வேண்டும். பதிவு இல்லாத சரக்கு துறைமுகத்தில் நின்றுவிடும், டெமரேஜ் (தாமதக் கட்டணம்) ஓடும். அதைவிட, முன்பணம், கப்பல் ஏறுமுன் மீதிப் பணம், சுங்கத்தில் வரி என்று எல்லாம் ரொக்கம். 118 நாளைக் குறைக்க வேண்டியவர் அதை நீட்டும் வேலையில் இறங்கக் கூடாது.

கடைசியாக, மாத இறுதிக்குள் பிராண்டுக்கு அனுப்ப வேண்டிய பதில். வாய்ப்பேச்சு வேண்டாம், மின்னஞ்சலில் எழுதுங்கள். டார்கெட் 1.30 கோடி, அதற்கு 1.5 சதவீதம், 1.75 கோடியை எட்டினால் 2.5 சதவீதம் என்று இரண்டு படியாகக் கேளுங்கள். விலை குறைத்தால் கடந்த 45 நாளில் வாங்கிக் கையில் இருக்கும் சரக்குக்கு வித்தியாசம் தர வேண்டும். ஓடாத சரக்கில் காலாண்டுக் கொள்முதலில் 10 சதவீதம் வரை வேறு மாடலுக்கு மாற்றிக்கொள்ளும் உரிமை வேண்டும். மாடல் நிறுத்தப் போவதை 60 நாள் முன் சொல்ல வேண்டும். பேக்எண்ட் காலாண்டு முடிந்து 45 நாளுக்குள் வர வேண்டும். டிஓஏ கஸ்டமர் பில் தேதியிலிருந்து. நீங்கள் பதிவு செய்த ப்ராஜெக்டுக்கு வேறு டிஸ்ட்ரிப்யூட்டருக்குச் சிறப்பு விலை தரக் கூடாது. எல்லாமும் கிடைக்காது. விலைப் பாதுகாப்பும் சரக்கு மாற்றும் உரிமையும் கிடைத்தால் முதல் படிக்குக் கையெழுத்துப் போடுங்கள். இரண்டும் மறுக்கப்பட்டால் 1.10 கோடியிலேயே நில்லுங்கள். அடுத்த காலாண்டில் அவர்களே திரும்ப வருவார்கள், அதற்குள் உங்கள் 70 லட்சத்தில் பாதியாவது வந்திருக்கும்.